இரண்டு தன்சிரிகளும் ஓர் அடைப்புக்குறியும்

கடந்த பருவமழைக்குப் பின், நீரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் தோழி ஒருவர் எனக்கு மூன்று விரிதாள்களை அனுப்பினார். அசாமில் பிரம்மபுத்திராவிலும் அதன் துணையாறுகளிலும் எடுக்கப்பட்ட நீர்மட்ட அளவீடுகள் அவை. மூன்றும் வெவ்வேறு மூலங்களிலிருந்து திரட்டப்பட்டவை. நிலையப் பெயர்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. "வெறும் எழுத்துக்கூட்டல் சிக்கல்தான். மொழியியல் படித்த உங்களுக்கு ஒரு மாலை வேலை" என்றார். மூன்று வாரங்கள் ஆயின. அந்த மூன்று வாரங்களில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இது: நிகழ்நேர நீர்த்தரவைத் திரட்டி ஆராயும் மென்பொருள்கள் எண்ணை மட்டுமே தரவாகக் கொள்கின்றன. அந்த எண்ணோடு வரும் இடப்பெயர், அளவீடு விடுபட்டதற்கான காரணம், எச்சரிக்கைச் சொல் ஆகியவற்றை ஒப்பனையாகக் கருதி ஒதுக்குகின்றன. இது பிழை; சிறிய பிழையும் அன்று.

முதலில் அந்த விரிதாள்களில் நேர்ந்ததைச் சொல்கிறேன். அசாமில் தன்சிரி என்ற பெயரில் இரண்டு ஆறுகள் உள்ளன. ஒன்று நாகாலாந்து மலைகளில் தோன்றி, திமாப்பூரைக் கடந்து, நுமாலிகட் வழியாகப் பிரம்மபுத்திராவின் தென்கரையில் சேர்வது. மற்றொன்று பூட்டான் எல்லையை ஒட்டி உதால்குரி மாவட்டத்தில் இறங்கி வடகரையில் சேர்வது. எழுத்தில் இவற்றைப் பிரித்துக் காட்டுவது பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் நிற்கும் ஒற்றை எழுத்து மட்டுமே: தெற்கு அல்லது வடக்கு. தோழியின் ஆய்வகத்தில் தரவைத் 'தூய்மை' செய்யும் நிரல், அடைப்புக்குறிகளை உள்ளடக்கத்தோடு சேர்த்து நீக்கியிருந்தது. நீர்மட்டங்கள் யாவும் அந்தந்த நிலையத்தின் அபாய அளவிலிருந்து எவ்வளவு விலகின என்ற கணக்கிற்கு மாற்றப்பட்டிருந்தமையால், இரண்டு ஆறுகளின் அளவீடுகளும் ஒரே கோட்டில் உறுத்தலின்றிக் கலந்துவிட்டன. அவ்வரைபடத்தில் ஜூலை மாதம் எழுந்து நின்ற வெள்ளம் எந்த ஆற்றிலும் வந்ததன்று.

தன்சிரியின் 'சி'யும் எளிதானதன்று. அசாமியர் அதனைக் கடையண்ண உரசொலியாக ஒலிப்பர். தமிழ்ச் செவிக்கு அது ஏறத்தாழ 'ஹி' என்றே கேட்கும். ரோமன் எழுத்தில் அவ்வொலிக்கு எஸ், எஸ்எச், எக்ஸ், எச் என நான்கு வழிகளும் வழக்கில் உள்ளன. ரோமன் எழுத்தில் 'சிஎச்' என்று எழுதப்படுவதோ பெரும்பாலும் 'ஸ' என ஒலிக்கும். ஒலிப்பு அறிந்தவருக்கு இவை ஒரே பெயரின் வேறு உருவங்கள். எழுத்துச்சரங்களை ஒப்பிடும் நிரலுக்கு வேறு வேறு இடங்கள். எதிர்த்திசையிலும் இதே இடர் உண்டு. திப்ரு, திஹிங், திகோ, திசாங் என்று 'தி'யில் தொடங்கும் ஆற்றுப் பெயர்கள் அங்கே ஏராளம்; திமாசா முதலிய மொழிகளில் 'தி' என்றால் நீர். ஓரெழுத்து வேறுபாட்டைப் பிழையெனக் கருதித் திருத்தும் நிரலுக்கு இந்த வரிசை முழுவதும் படுகுழி.

நிலையங்களுக்குப் பெயர் சூட்டியவர்கள் பொறியாளர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜியாபரலி ஆற்றின் நிலையம் அறிக்கைகளில் 'என்.டி. ரோடு கிராசிங்' என்று குறிக்கப்படுகிறது. குவாஹாட்டியின் நிலையம் 'டி.சி. கோர்ட்'. பேக்கி ஆற்றுக்கு 'ரோடு பிரிட்ஜ்'. ஜீப்பில் வந்து இறங்கி அளவு பார்ப்பவரின் நிலவியல் இது. கரையில் வாழ்பவருடையது அன்று. இதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் கரையில் வாழ்பவர் தம் ஊரைத் தேடும்போது இப்பெயர் அவருக்கு ஒன்றும் சொல்வதில்லை.

"நிலையக் குறியீட்டு எண் இருக்கிறது, அட்சரேகை தீர்க்கரேகை இருக்கிறது; பெயர் எதற்கு?" என்று பொறியியல் நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலங்களின் நீரியல் தரவு நம் நாட்டில் வகைப்படுத்தப்பட்ட, அதாவது கட்டுப்பாட்டிற்குட்பட்ட தரவு. 2018ஆம் ஆண்டுத் தரவுப் பகிர்வுக் கொள்கையிலும் அந்நிலை தொடர்கிறது. விண்ணப்பித்து, இரகசியம் காக்கும் உறுதிமொழி அளித்துத்தான் பெற வேண்டும். அவ்வாறு பெற இயலாத ஆய்வு மாணவர்கள் அன்றாட வெள்ள அறிக்கைகளையும் மாவட்ட அறிக்கைகளையும் நாளேடுகளையும் திரட்டியே வேலை செய்கிறோம். அவற்றில் குறியீட்டு எண்ணை எதிர்பார்ப்பது வீண். பெயர்தான் ஒரே திறவுகோல். கதவைப் பூட்டியவர்களே திறவுகோலையும் வளைத்து வைத்திருக்கிறார்கள் என்று எழுதத் தோன்றுகிறது. சற்று மிகையாக இருக்கலாம்.

அடுத்து, விடுபட்ட அளவீடுகள். விரிதாளில் சில கட்டங்கள் வெறுமையாக இருந்தன, சிலவற்றில் −999, சிலவற்றில் 0. கடல்மட்டத்திலிருந்து மீட்டரில் குறிக்கப்படும் நீர்மட்டம் குவாஹாட்டியில் 0 ஆக வாய்ப்பே இல்லை. ஆயினும் சராசரி காணும் நிரல் 0ஐ ஐயமின்றி ஏற்றுக்கொள்ளும். வெறுமைக்குக் காரணம் பல: மின்கலம் தீர்ந்திருக்கலாம், செயற்கைக்கோள் தொடர்பு அறுந்திருக்கலாம், உணரியில் வண்டல் படிந்திருக்கலாம், கம்பத்தையே வெள்ளம் கொண்டுபோயிருக்கலாம். கடைசிக் காரணம் தனித்தன்மை உடையது. அங்கே வெறுமையே ஓர் அளவீடு; ஆண்டின் மிக முக்கியமான அளவீடாகவும் இருக்கக்கூடும். நேரில் அளவு பார்க்கும் பணியாளரின் குறிப்பேட்டில் 'குறிப்புகள்' என்றொரு பத்தி உண்டு. இவையெல்லாம் இடம்பெறத் தக்க இடம் அதுவே. தானியங்கி உணரி வந்தபின் அந்தப் பத்தி எங்கே போயிற்று?

மொழியியல் களப்பணியில் ஒலிப்பதிவை எழுத்துப்படுத்தும்போது, கேட்காத இடத்தை வெறுமனே விட்டுச் செல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. பேச்சாளர் மௌனமானாரா, இரைச்சல் மறைத்ததா, எனக்குப் புரியவில்லையா என்று தனித்தனியே குறிக்க வேண்டும். மூல ஒலியை ஒருபோதும் அழிப்பதில்லை. விளக்கங்கள் அதன்மேல் தனி அடுக்காக நிற்கும். நீரியலாளர்களுக்கும் இது புதிதன்று. 1995இல் தொடங்கிய நீரியல் திட்டத்தின் காலத்திலிருந்தே முதல்நிலை, இரண்டாம்நிலை, நீரியல்வழிச் சரிபார்ப்பு என்று படிகள் வகுத்திருக்கிறார்கள். 2016இல் தேசிய நீரியல் திட்டம் வந்தது. 2018இல் தேசிய நீர்த் தகவல் மையம் அமைந்தது. தொலை அளவீட்டு நிலையங்கள் பெருகின. உள்ளே படிகள் உள்ளன. வெளியே நமக்கு வருவதோ பெரும்பாலும் இறுதி எண் மட்டுமே. அது எந்தப் படியில் எவ்வாறு மாறியது என்ற வரலாறு உடன் வருவதில்லை.

இனி, எச்சரிக்கைச் சொல். மேட்டூர் அணை 118 அடி என்று செய்தியில் கேட்டால் தமிழ்நாட்டில் உழவர் எவருக்கும் விளக்கம் தேவையில்லை; முழு அளவு 120 என்பது பொது அறிவு. குவாஹாட்டியில் நீர்மட்டம் 50.10 மீட்டர் என்பது அவ்வாறன்று. அங்கே அபாய அளவு 49.68 மீட்டர், 2004இல் பதிவான உச்சம் 51.46 மீட்டர். மத்திய நீர் ஆணையத்தின் வகைப்பாட்டில் அபாய அளவைத் தாண்டியது முதல் பழைய உச்சத்தைத் தொடும் வரை எல்லாம் 'கடும் வெள்ளம்' என்ற ஒரே சொல், ஆரஞ்சு என்ற ஒரே நிறம். அந்த ஒரு சொல்லுக்குள் 1.78 மீட்டர் நீர் அடங்கியிருக்கிறது. ஓர் ஆள் உயரம். மூங்கில் கால்களின்மேல் வீடு கட்டி வாழும் மிசிங் குடும்பத்திற்கு, தரைக்கும் தளத்திற்கும் இடையிலான உயரம் முழுவதும் அதற்குள் முடிந்துவிடும். 2023இல் ஆணையம் வெளியிட்ட 'ஃபிளட்வாட்ச் இந்தியா' செயலி ஆங்கிலத்திலும் இந்தியிலும் வந்தது. பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' வட்டார மொழிகளிலும் குறுஞ்செய்தி அனுப்பவல்லது. அது நல்ல முன்னேற்றம். எனினும் மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. 'கடும் வெள்ளம்' என்பதை மிசிங் மொழியில் சொன்னாலும், எந்தப் படி வரை நீர் ஏறும் என்பதை அது சொல்லாது.

சொல்ல முடியும் என்பதற்குச் சான்று அசாமிலேயே உண்டு. தேமாஜி மாவட்டத்தின் ஜியாடல் ஆற்றிலும் லக்கிம்பூரின் சிங்கோரா ஆற்றிலும் இசிமோட் நிறுவனமும் ஆரண்யக் அமைப்பும் ஒரு சமூக வெள்ள எச்சரிக்கை முறையை அமைத்தன. 2014இல் அதற்கு ஐ.நா. காலநிலை மாற்ற அமைப்பின் விருது கிடைத்தது. மேற்பகுதியில் ஓர் எளிய உணரி. அருகில் ஒரு பராமரிப்பாளர் வீட்டில் ஒலிக்கும் கருவி. அவர் கீழ்ப்பகுதி ஊர்களைத் தொலைபேசியில் அழைப்பார். இங்கே எண்ணை வாக்கியமாக மாற்றுபவர் ஒரு மனிதர். கேட்பவரின் ஊரும் மொழியும் அறிந்தவர். பெரிய மென்பொருள்கள் இந்த இறுதிக் கட்டத்தைத் தமது வடிவமைப்பின் பகுதியாகவே எண்ணுவதில்லை என்பதே என் குறை.

நான் கேட்பது பெருஞ்செலவு பிடிப்பதன்று. நிலையத்தின் குறியீட்டு எண் எல்லா அறிக்கையிலும் பெயரோடு வர வேண்டும். அதன் கீழே பெயரின் எல்லா வடிவங்களும், அசாமிய எழுத்திலும் கரையோர மக்களின் வழக்கிலும், ஒரு பட்டியலாக நிற்க வேண்டும். விடுபட்ட அளவீட்டிற்குக் காரணம் எழுதாமல் அடுத்த கட்டத்திற்குச் செல்ல மென்பொருள் இடம் தரக்கூடாது. 'குறிப்புகள்' பத்தியைப் பணியாளர் தம் மொழியிலேயே நிரப்பட்டும். மொழிபெயர்க்க நாங்கள் இருக்கிறோம், வேலை வாய்ப்பும் குறைவு.

தோழியின் விரிதாள்களுக்காக நான் தொகுத்த பெயர்ப் பட்டியலில் இன்னும் பதினொரு நிலையங்கள் ஐயத்தில் உள்ளன. தேமாஜி, லக்கிம்பூர், மாஜுலிப் பகுதிகளில் களப்பணி செய்தவர்கள் இதை வாசித்தால், அங்கே வழங்கும் துறைகளின் பெயர்களைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். எந்த எழுத்திலும் எழுதலாம். அடைப்புக்குறி இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள்.