ஓடுற வேகம் பந்து பிடிக்குமா?

அமெரிக்கக் கால்பந்தில வைட் ரிசீவரின்ர வேலை பந்தைப் பிடிக்கிறது. ஆனா தொழில்முறை அணிகள் மயங்கிறது 40 யார் ஓட்டத்தில.

2017இல் ஜோன் ரோஸ் 4.22 செக்கனில் ஓடினார். சின்சினாட்டி அவரை 9ஆவது ஆளாக எடுத்தது. கிழக்கு வொஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கூப்பர் கப்புக்கு 4.62 செக்கன். கல்லூரியில் 428 பந்து பிடித்தவர், 68 பேருக்குப் பிறகுதான் தெரிவானார். அதே கப், 2021 பருவத்தில் 1,947 யார் எடுத்து லீக்கிலேயே முதலாவது. சுப்பர் போலில் சின்சினாட்டியையே தோற்கடித்து ஆட்டநாயகன். ரோஸ் அதுக்கு முதலே அந்த அணியை விட்டுப் போயிட்டார்.

வேகம் தேவையில்லை எண்டு சொல்லேல்ல. ஆனா சின்னக் கல்லூரிப் பெடியன் நாலு வருசம் விளையாடினதை நாலு செக்கன் ஓட்டம் அழிக்குமெண்டா, பிறகென்னத்துக்கு விளையாட்டு? ஓடவிட்டே ஆள் எடுங்கோவன்!