மினுக்குறதுக்குப் பேர் மராமத்து இல்லை சாமி!

பழைய சவரக்கத்திகளை வாங்கி, துரு எடுத்து, தீட்டி, அதுலயே ஷேவ் பண்ணிக்கிற கிறுக்கு எனக்கு உண்டு. (மடக்குக் கத்திங்க. நம்மூர் சலூன்ல பாதி பிளேடை சொருகுறாங்களே, அது இல்லை.) 'கழுத்து பத்திரம்ப்பா'ங்கிற நலம்விரும்பிகளுக்குத் தனியா பதில் சொல்லிக்கலாம். இன்னிக்கு திட்டு வேற ஒரு கோஷ்டிக்கு.

இணைய ஏலங்கள்ல பாத்திருப்பீங்க. 'முழுமையாக மராமத்து செய்யப்பட்டது'ன்னு போட்டு ஒரு ஷெஃபீல்டு கத்தி, முகம் பாத்து தலை சீவலாம் போல பளபளன்னு இருக்கும். விலையும் அதுக்கேத்த மாதிரி பளபளக்கும். என்னைக் கேட்டா இது மராமத்து இல்லை, கொலை. ஏன்னு சொல்றேன், அப்புறமா அடிக்க வாங்க :-)

முதல்ல சூடு. கத்தி கார்பன் எஃகு. காய்ச்சி, குளிரவச்சு, பதம் பண்ணின இரும்பு. அதை மறுபடியும் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடாக்கினா பதம் இறங்க ஆரம்பிக்கும். முனை காகிதம் மாதிரி மெலிசு. மோட்டார் சக்கரத்துல கொஞ்சம் அழுத்திப் பிடிச்சா சூடு சர்ருன்னு ஏறிடும். 300 கிட்ட போனா இரும்பு நீலம் பாயும். அந்த நீலத்தையும் அதே சக்கரத்துல தேய்ச்சு எடுத்துடலாம்ங்கிறதுதான் இதுல அயோக்கியத்தனம். நிறம் போயிடும், போன பதம் திரும்ப வராது. வாங்கினவன் கல்லுல தீட்டித் தீட்டிப் பாத்துட்டு, தனக்குத்தான் தீட்டத் தெரியலைன்னு நொந்துக்குவான்.

ரெண்டாவது கணக்கு. தீட்டும்போது முதுகும் முனையும் சேர்ந்து கல்லுல படுக்கும். முனையோட கோணத்தை முடிவு பண்றது முதுகுதான். 16 மில்லிமீட்டர் அகலம், 4.8 மில்லிமீட்டர் முதுகுன்னா கோணம் சுமார் 17 டிகிரி. துருக்குழி மறையணும்னு பெல்ட்டுல போட்டு முதுகுல 1 மில்லிமீட்டரை ராவிட்டா 13.5 ஆயிடும். அவ்ளோ மெலிஞ்ச முனை நிக்காது, பொரிஞ்சுடும். ஓடிக்கிட்டிருக்கிற பழைய புரோகிராமை 'அழகுபடுத்துறேன்'னு கை வச்சுப் படுக்கவைக்கிற மேதாவிங்க நம்ம ஆபீஸ்லயும் உண்டே, அதே ஜாதி!

மூணாவதுதான் எனக்கு வயித்தெரிச்சல். கத்தியோட வால்ல குத்தின முத்திரைதான் அதோட பிறப்புச் சான்றிதழ். கிரீடத்தோட டபிள்யூ ஆர்னு இருந்தா நாலாம் வில்லியம் காலம், 1830லேர்ந்து 1837. வெளிநாட்டுச் சரக்குல நாட்டோட பேர் இருக்கணும்னு அமெரிக்கா 1890ல சட்டம் போட்டதால, 'இங்கிலாந்து', 'ஜெர்மனி'ன்னு குத்தினது பெரும்பாலும் 1891க்குப் பிறகு வந்தது. அலகுல அமிலத்தால பொறிச்ச சித்திரமோ இன்னும் மேலோட்டம். சக்கரத்துல நாலு சுத்து, எல்லாம் போச்சு. நூறு நூத்தம்பது வருஷம் துருவுக்குத் தப்பினது பாலிஷுக்குத் தப்பலை.

"அப்ப துருவோட ஷேவ் பண்ணவா?"ன்னு கேப்பீங்க. செந்துருவை எடுக்கத்தான் வேணும். எண்ணெய், நைசான உப்புத்தாள், கை, பொறுமை, இது போதும். கருப்பா படிஞ்ச கறை யாரையும் கடிக்காது, விட்டுடுங்க. கைப்பிடி செல்லுலாய்டா இருந்து மக்க ஆரம்பிச்சிருந்தா கழட்டி வீசுங்க, அந்தப் புகையே அலகை அரிச்சுடும். கொம்புன்னா எண்ணெய் போட்டு வச்சுக்கோங்க. முனையிலயே குழியோ விரிசலோ இருக்கிற கத்தியை எவ்ளோ மலிவா கிடைச்சாலும் வாங்காதீங்க. 1000 கல்லுல ஆரம்பிச்சு 8000, 12000ன்னு போய், தோல்பட்டையில முடிச்சா, மூஞ்சி சொல்லும் கத்தியோட தரத்தை.

அழுக்கா, நேர்மையா கிடக்குற கத்தியில என்ன கோளாறுன்னு கண்ணால பாத்துடலாம். பளபளக்குறதுல எதையும் பாக்க முடியாது, உங்க மூஞ்சியைத் தவிர. அதனால கண்ணாடி வேணும்னா கண்ணாடிக் கடைக்குப் போங்க மக்கா, கத்திகளை விட்டுடுங்க.