நிவாரணம் நின்ற பிறகு



2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்து போன பின், நம் கிழக்குக் கரையில் எத்தனை மாதர் சங்கங்கள் முளைத்தன என்று எண்ணிப் பாருங்கள். தலைவி, செயலாளர், பொருளாளர், இறப்பர் முத்திரை எல்லாம் இருந்தன. உதவி நிறுவனங்கள் போனதும் பல சங்கங்களும் கூடவே போய்விட்டன. ஆனால் ஜனாஸா நலன்புரிச் சங்கமும் பெண்கள் பிடிக்கும் சீட்டும் நிற்கவில்லை. அவற்றுக்கு எந்நேரமும் வேலை இருக்கிறது. அனர்த்தம் வரட்டும் என்று காத்திருக்கும் சங்கத்துக்கு ஆறு மாதத்தில் கூட்டத்துக்கு ஆள் சேராது.

ஆகவே உங்கள் சங்கத்துக்கு மாதா மாதம் சிறு வேலையொன்று கொடுங்கள். பிடியரிசி சேர்ப்பதோ, பிள்ளைகளின் கொப்பி புத்தகத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுப்பதோ, எதுவானாலும் சரி. வரவு செலவைக் கூட்டத்திலேயே உரத்து வாசியுங்கள். கடனை எழுதிக்கொள்ளும்படி அல்குர்ஆன் (2:282) பணித்திருக்க, "நமக்குள்ளே என்ன எழுத்து?" என்று வெட்கப்படுகிறோமே! மனக்கசப்பு அங்கேதான் தொடங்குகிறது. கணக்கை இரண்டு கொப்பியில் எழுதி, ஒன்றைக் கடலுக்குத் தூரமான வீட்டில் வையுங்கள்.

இன்னொரு விடயம். ஒரு வீட்டில் மௌத் என்றால் மற்ற வீடுகள் கைகொடுக்கும். எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் இடி விழுந்தால் யார் கொடுப்பது? அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் பலியான அந்நாளில், சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கத்து மக்களுக்குக் கடலெட்டாத சம்மாந்துறை போன்ற ஊர்களே இடம் கொடுத்துச் சோறும் போட்டன. 2011 ஜனவரி வெள்ளத்திலோ வயல் சூழ்ந்த ஊர்கள் தத்தளித்தன. ஆகையால் கரையூர்ச் சங்கமொன்றும் வயலூர்ச் சங்கமொன்றும் இப்போதே சம்பந்தம் செய்துகொண்டால் என்ன? (சம்பந்திச் சண்டை வராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு!)

மாரி தொடங்கமுன் இரு சங்கத்தாரும் ஒருமுறை கூடுங்கள். எந்த வீட்டில் மூத்தம்மா படுக்கையில் இருக்கிறா, எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறா என்று பட்டியல் எழுதி அவர்களிடம் கொடுங்கள். எந்த வீட்டில் எத்தனை பேருக்குப் பாய் விரிக்கலாம் என்பதை அவர்கள் எழுதித் தரட்டும்.