ஏ பி சி டி தெரியும்... ஆனா படிக்கத் தெரியாது!

தோழர்களே, ஒரு ரெண்டு நிமிஷம். இதைப் படிச்சுட்டு அடுத்த மீமுக்குப் போங்க.

நான் இன்ஜினியரிங் முடிச்சவன். ஒண்ணாவதுல இருந்து அரசுப் பள்ளி. ஏ-ல இருந்து இசட் வரை மூச்சு விடாம ஒப்பிப்பேன். ஆனா அஞ்சாவது முடிக்கும்போதும், பாடப் புத்தகத்துல இல்லாத ஒரு ஆங்கில வார்த்தையைக் காட்டினா வாய் திறக்காது. மனப்பாடம் பண்ணினது மட்டும்தான் தெரியும்.

டீச்சர் மேல தப்பா? இல்லவே இல்லை.

தமிழ்ல 'ப', 'ட', 'ம்' சேர்த்துச் சொல்லுங்க. 'படம்' தானா வந்துடும். எழுத்தோட பேரும் ஒலியும் ஒண்ணு. ஆங்கிலத்துல 'சி, ஏ, டி' சேர்த்துச் சொல்லிப் பாருங்க. எத்தனை தடவை சொன்னாலும் 'கேட்' வராது! அங்க எழுத்தோட பேர் வேற, ஒலி வேற. 'க்... ஏ... ட்'னு ஒலியைப் பழக்கினாதான் குழந்தை தானா படிக்கும். இதுக்குப் பேர்தான் ஃபோனிக்ஸ்.

தமிழ்வழியில படிச்சு வந்த நம்ம ஆசிரியர்கள் பலருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. 2012-13ல இருந்து அரசுப் பள்ளிகள்ல ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கினாங்க. போர்டு மாறுச்சு. பாடம் நடத்தினது அதே டீச்சர்தான்.

அப்புறம் கொரோனா. 2020 மார்ச்சில் மூடின பள்ளி, சின்னப் பிள்ளைகளுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1. ஒண்ணாவது வகுப்பறையையே பாக்காம ரெண்டாவதுக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர்!

அதனாலதான் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்துச்சு. முதல்ல 1 முதல் 3 வரை, அடுத்த ஆண்டு 4, 5-க்கும். தமிழ், ஆங்கிலம், கணக்கு. வயசைப் பாக்காம, பிள்ளை எங்க நிக்குதோ அங்கிருந்து தொடங்கணும்: அரும்பு, மொட்டு, மலர்.

கேக்க அழகா இருக்கு. ஆனா யோசிங்க. ரெண்டே ஆசிரியர் இருக்கிற ஊராட்சி ஒன்றியப் பள்ளி. ஒரே அறையில ரெண்டு மூணு வகுப்பு, ஒவ்வொண்ணுலயும் மூணு நிலை. இதை ஒரு டீச்சர் சமாளிக்கணும்னா கையேடு மட்டும் போதாது. பயிற்சி வேணும்.

வட்டார வள மையத்துல உக்காந்து பிபிடி பாத்துட்டு வர்றது மட்டும் பயிற்சி ஆகாது. கத்துக்கிட்டதை வகுப்புல செஞ்சு பாக்கும்போது ஆசிரியர் பயிற்றுநர் பக்கத்துல இருக்கணும். "இங்க சரியா வருது, இங்க மாத்துங்க"ன்னு சொல்லணும். டீச்சரோட நேரம் ஆப்-ல பதிவேத்துறதுலயே போயிடக் கூடாது. இதை நம்ம ஆளுங்களே உரக்கச் சொல்லணும்.

இன்னொண்ணு. இந்தப் பயிற்சிகளும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்குள்ளதான் வருது. பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்துல தமிழ்நாடு கையெழுத்துப் போடலைன்னு அந்தத் திட்டத்துல 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வச்சது. சண்டை அரசுகளுக்குள்ள. அடி விழுறது 'க்... ஏ... ட்' கத்துக்க வேண்டிய பிள்ளைக்கு!

நீங்க என்ன செய்யலாம்? உங்க ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்க. "ரிசல்ட் என்ன?"ன்னு கேக்காதீங்க. "டீச்சர், உங்களுக்கு என்ன வேணும்?"னு கேளுங்க. பதிலை இங்க கமெண்ட்ல எழுதுங்க, தலைமைக்குக் கொண்டு போறது எங்க பொறுப்பு.

ஸ்மார்ட் போர்டு அப்புறம் வரட்டும். முதல்ல பிள்ளை வாசிக்கட்டும்!

#முதலில்_வாசிப்பு #ஆசிரியருக்குத்_துணைநிற்போம்