வைஃபை வரவில்லை என்றால் யார் குற்றவாளி?

"லினக்ஸ் எல்லாம் நல்லாத்தான் இருக்கு மச்சி, ஆனா வைஃபை வரல."

கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில் குருபரப்பள்ளி பக்கம் லினக்ஸ் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்த ஒரு வரியில் பேச்சு முடிந்துவிடும். கூடவே தீர்ப்பும் வந்துவிடும்: "லினக்ஸ் வேஸ்ட்." அடுத்த நாளே திருட்டு விண்டோஸ் ஏறிவிடும். வழக்கு முடிந்தது. ஆனால் குற்றவாளிக் கூண்டில் நின்றது தப்பான ஆள் மக்களே!

முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பென் டிரைவில் உபுண்டுவோ மின்ட்டோ போட்டு, அரை மணி நேரத்தில் நிறுவியாகிவிட்டது. திரை அழகாக வருகிறது, பாட்டு கேட்கிறது, வைஃபையை மட்டும் காணோம். காரணம் எளிமையானது. அந்த வைஃபை சிப்புடன் பேச லினக்ஸ் கெர்னலில் ஒரு டிரைவர் வேண்டும். பல சிப்புகளுக்கு அதோடு ஃபர்ம்வேர் என்ற ஒரு கோப்பும் வேண்டும். விண்டோஸுக்கு இதைச் சிப் தயாரிப்பவரே எழுதிக் கொடுத்துவிடுகிறார். லினக்ஸுக்குச் சிலர் ஒழுங்காகக் கொடுக்கிறார்கள், சிலர் வருடக் கணக்கில் தாமதிக்கிறார்கள், சிலர் கண்டுகொள்வதே இல்லை. டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். வாளியும் கிணற்றுக்குள், கயிறும் கிணற்றுக்குள் :-)

இதற்கு விவரம் தெரிந்தவர்கள் சொல்லும் வைத்தியம், செல்போனை யுஎஸ்பி வயரில் மாட்டி அதன் இணையத்தைக் கணினிக்குக் கொடுப்பது. பெரும்பாலும் வேலை செய்யும். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். போனில் மட்டும் வைஃபை எப்படி முதல் நாளே வருகிறது? வராவிட்டால் போன் விற்காது. அதனால் தயாரிப்பாளரே உட்கார்ந்து டிரைவர் சரிசெய்கிறார். ஆக, முடியாத காரியம் ஒன்றும் இல்லை. கேட்க ஆள் இருந்தால் நடக்கும்.

வரலாறும் அதையே சொல்கிறது. பிராட்காம் வைஃபை சிப்புகள் ஒரு காலத்தில் லினக்ஸ்காரர்களின் பெரிய தலைவலி. விண்டோஸ் டிரைவரையே என்டிஸ்ராப்பர் என்ற கருவிக்குள் வைத்து ஓட்டிய காலம் அது. 2010 செப்டம்பரில் அந்த நிறுவனம் தன் புதிய சிப்புகளுக்குத் திறந்த மூல டிரைவரை வெளியிட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-ல் பின்லாந்தில் மேடையிலேயே என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டினார். அந்த நிறுவனம் 2022 மே மாதம் தன் கெர்னல் டிரைவரின் மூல நிரலைத் திறந்தது. சிப் மாறியதால் மட்டுமா திறந்தார்கள்? இல்லை. பெரிய வாடிக்கையாளர்கள் லினக்ஸில் இருந்தார்கள்.

இங்கேதான் பி.காம். பாடம் உதவிக்கு வருகிறது. 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. பொதுவிதி, வாங்குபவரே உஷாராக இருக்க வேண்டும் என்பது. விதிவிலக்கு: இன்ன வேலைக்குத்தான் பொருள் வேண்டும் என்று விற்பவரிடம் தெரிவித்து, அவர் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். பிராண்ட் பெயரைச் சொல்லி "அதையே கொடு" என்று வாங்கினால் அந்தப் பாதுகாப்பும் போச்சு. கடையில் போய் "எந்த பிராண்ட், எத்தனை ஜிபி ரேம்" என்று மட்டும் கேட்டவர், வீட்டுக்கு வந்து லினக்ஸைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறதா?

ஒரு மாணவன் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார், உண்மை. ஆனால் அரசாங்கம் கேட்டால்? தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. உமாசங்கர் எல்காட் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்திலேயே அதன் அலுவலகக் கணினிகள் சூசே லினக்ஸுக்கு மாறின. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. 2014-ல் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தபோது அரசுத் துறைகளையும் பாஸுக்கு மாறச் சொன்னார்கள். அந்தத் திட்டத்தில் கொடுத்தவை 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள். அவ்வளவு பெரிய வாடிக்கையாளர்!

ஆனால் "லினக்ஸும் இருக்கிறது" என்பது ஒரு டிக் மட்டுமே. ஒரே ஒரு கெர்னல் பதிப்புக்கு ஒட்டுப்போட்டுக் கொடுத்த டிரைவர், அடுத்த பதிப்பைப் போட்டதும் செத்துப்போகும். டிரைவர் மூலக் கெர்னலுக்குள்ளேயே இருந்தால்தான் பத்து வருடம் கழித்தும் எந்த லினக்ஸிலும் ஓடும்.

"விண்டோஸ்தான் இருக்கே, எதுக்கு இவ்வளவு?" என்பார்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ல் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0-வும் புதிய பிராசஸரும் கேட்கும், பழைய விலையில்லா மடிக்கணினிகளை உள்ளே விடாது. கீபோர்டு நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கேட்டில் மதிப்பு பூஜ்யம். தங்கை படிக்க அந்தப் பெட்டியையே லினக்ஸ் போட்டுக் கொடுக்கலாம் என்று நினைக்கிற வீட்டில், 'வைஃபை வரல' என்பது சின்ன விஷயமா? அங்கே அது படிப்புக்கும் பழைய இரும்புக் கடைக்கும் உள்ள வித்தியாசம்.

லினக்ஸ் அபிமானிகளும் யோக்கியர்கள் இல்லை. உதவி கேட்டு வருபவனிடம் "மேனுவல் படிச்சியா?" என்று கேட்டே பாதிப் பேரை விரட்டியிருக்கிறார்கள். "லினக்ஸில் பிரச்சினையே கிடையாது" என்று பொய் சொல்லி மீதிப் பேரை. பிரச்சினை உண்டு. நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்து வைஃபை, ஒலி, கேமரா மூன்றையும் சோதி என்று சொல்வதுதான் நேர்மை.

பக்கத்து கேரளாவில் 2018-ல் 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கினார்கள், கட்டற்ற மென்பொருளை வைத்தே. இங்கே 2025 பட்ஜெட்டில் இரண்டு வருடத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று அறிவிப்பு வந்தது. இனி வரும் ஒவ்வொரு டெண்டரிலும் ஒரே ஒரு வரி போதும்: "எல்லா பாகங்களுக்கும் டிரைவர் மூலக் கெர்னலில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பொருள் திருப்பி அனுப்பப்படும்."

குருபரப்பள்ளி சிப்காட்டில் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலை நிற்கிறது. ஓசூர் பக்கம் ஐபோனுக்கு உறை செய்கிறார்கள். மின்னணுப் பொருளைச் செய்து கொடுக்கத் தெரிந்த ஊருக்கு, அதை வாங்கும்போது கேள்வி கேட்கவும் தெரிய வேண்டாமா?