பேரேடும் பேச்சும்



சென்ற மாதம் என் தம்பி மகள் ஒரு கட்டுப் படிவங்களோடு மண்டிக்கு வந்தாள். மளிகைக் கடைகளின் கடன் விற்பனை பற்றி பிஎச்.டி. ஆராய்ச்சி செய்கிறாள். படிவத்தில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணில் டிக் போட வேண்டும். "முக்கால்வாசிப் பேர் எல்லாத்துக்கும் மூணு போட்டுக் கொடுத்துட்டாங்க பெரியப்பா" என்று வருத்தப்பட்டாள். காலை பத்து மணிக்கு நாலு பேர் சரக்குக்கு நிற்கும்போது படிவத்தை நீட்டினால் நானும் மூன்றுதான் போடுவேன்.

அவள்தான் ஒரு பழைய அமெரிக்க ஆராய்ச்சியைச் சொன்னாள். சிகாகோ அருகே, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலையில் நடந்தது. வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று 1924இல் கணக்கெடுக்க ஆரம்பித்தார்கள். எண்களை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. பிறகு 1928 முதல் 1930 வரை 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் நேரில் பேசினார்கள். முதலில் கேள்விகளை எழுதிக்கொண்டுதான் போனார்கள். தொழிலாளர்களோ தங்கள் மனதில் இருந்ததையே பேசினார்கள். கேள்வித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள்.

எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். 1931 நவம்பர் முதல் 1932 மே வரை 14 பேரைத் தனி அறையில் வேலை செய்யவிட்டு, ஒருவர் அங்கேயே உட்கார்ந்து பார்த்தார். கூலி, குழுவின் உற்பத்திக்கு ஏற்றபடி. அப்படியானால் மாய்ந்து மாய்ந்து செய்வார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு போதும் என்று தங்களுக்குள் ஓர் அளவு வைத்திருந்தார்கள். மீறினவனைக் கேலி செய்தார்கள், கையில் குத்தினார்கள். கூடுதலாக முடித்ததைக் காட்டாமல் வைத்திருந்து, குறைந்த நாளில் சேர்த்துச் சொன்னார்கள். ஏட்டில் தினமும் ஏறத்தாழ ஒரே உற்பத்தி. கூட்டல் சரி, எழுதக் கொடுத்த எண்தான் வேறு. பக்கத்தில் இருந்து பார்த்ததோடு தனியாக எண்ணியும் வைத்ததால்தான் இது வெளியே வந்தது.

பேச்சை மட்டும் நம்பவும் கூடாது. அந்தத் தொழிற்சாலையில் வெளிச்சத்தை எப்படி மாற்றினாலும் உற்பத்தி ஏறியது என்று ஒரு கதை பல ஆண்டுகள் பாடப்புத்தகங்களில் ஓடியது. லெவிட், லிஸ்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பழைய எண்களைத் தேடியெடுத்துக் கணக்குப் பார்த்து 2011இல் கட்டுரை வெளியிட்டார்கள். கதை சொன்ன அளவுக்கு எண்களில் இல்லை.

நிற்க. 2017இல் எனக்கு ஒரு சில்லறைக் கடைக்காரர், 14 ஆண்டு வாடிக்கை. 45 நாள் தவணை 90 நாளைத் தாண்டியது. பாக்கி ஒரு லட்சத்து எண்பதாயிரம். ஏட்டைப் பார்த்தேன், சரக்கை நிறுத்தினேன். ஒரு போன்கூடச் செய்யவில்லை. பாதாளச் சாக்கடைக்காக அவர் தெருவைத் தோண்டிப் போட்டு, ஐந்து மாதமாகக் கடைக்கு ஆள் நடக்க வழியில்லை என்று லாரி டிரைவர் சொல்லித்தான் பின்னால் தெரிந்தது. அவர் பைசா பாக்கியில்லாமல் தீர்த்துவிட்டு வேறு மண்டிக்குப் போனார். இன்றுவரை என் கடைப் படி ஏறவில்லை. இனிக்க இனிக்கப் பேசியவரை நம்பி, ஏட்டைப் புரட்டாமல் விட்டு மூழ்கிய பணமும் உண்டு. அதை எழுதினால் வீட்டில் படிப்பார்கள்.

தம்பி மகளிடம், "படிவத்தை நாலு நாள் தூக்கி வைம்மா, நாலு கடையில் சாயங்காலம் போய் உட்கார்" என்றேன். இரண்டாம் நாளே ஓடி வந்தாள். மாதச் சம்பளக்காரர்களுக்கு நோட்டுப் போட்டுக் கொடுக்கிறோமே, அதை அந்தக் கடைக்காரர்கள் கடன் என்றே சொல்வதில்லையாம். அது "நோட்டுக் கணக்கு". கொடுக்காமல் இழுத்தடிப்பதுதான் "கடன்". அவளுடைய 40 கேள்விகளில் பாதி, அவள் கேட்க நினைத்ததைக் கேட்கவே இல்லை.

நமது சங்கமும் உறுப்பினர்களின் வராக்கடன் விவரம் திரட்டப் படிவம் அனுப்பப் போவதாகச் செயற்குழுவில் பேச்சு அடிபடுகிறது. நல்ல காரியம். அச்சுக்குக் கொடுக்கும் முன் பத்துக் கடைகளில் உட்கார்ந்து பேசுங்கள். தொகை வந்தபின், வழக்கத்துக்கு மாறாகத் தெரியும் கடைகளுக்கு மறுபடி போய் ஏன் என்று கேளுங்கள். அந்த வேலைக்கு என் மண்டிக் கணக்கரை ஒரு வாரம் அனுப்பத் தயாராக இருக்கிறேன்.