குரோம்பேட்டை வாத்தியாரும் மூச்சு வாங்கிய மாருத்தும்

குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது குரோம் லெதர் தொழிற்சாலையால். ஏரியாக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை இது. ஆனால், இரண்டாம் உலகப்போரின் பேர்போன போர் விமானம் ஒன்றை வடிவமைத்த ஜெர்மானியர், 1950-களில் இதே குரோம்பேட்டையில் பாடம் நடத்தியிருக்கிறார் என்பது அங்கே குடியிருக்கும் பலருக்கே தெரியாது.

அவர் பெயர் கர்ட் டாங்க். ஹிட்லரின் விமானப்படைக்காக இவர் உருவாக்கிய ஃபோக்-வுல்ஃப் 190 ரகத்தில் 20,000-க்கும் அதிகமான விமானங்கள் தயாராயின. அது புரொபெல்லர் விமானம். அடுத்து ஒரு ஜெட் விமானத்துக்கு வரைபடம் போட்டு வைத்திருந்தார். அது பறப்பதற்குள் ஜெர்மனி தோற்றுவிட்டது. பெட்ரோ மத்தியெஸ் என்ற பொய்ப் பெயரில் அர்ஜென்டினாவுக்குப் போனார். அங்கே அவர் செய்த 'புல்கி-2' ஜெட் 1950-ல் பறந்தது. 1955-ல் அதிபர் பெரோனின் ஆட்சி கவிழ, டாங்கின் பிழைப்பும் போனது. அடுத்து வந்து சேர்ந்த இடம் இந்தியா.

குரோம்பேட்டை எம்.ஐ.டி., சி.ராஜம் என்ற தொழிலதிபர் 1949-ல் தொடங்கிய கல்லூரி. பி.எஸ்சி. முடித்துவிட்டு விமானப் பொறியியல் படிக்க அங்கே வந்தவர்களில் ராமேஸ்வரத்துப் பையன் ஒருவரும் உண்டு. அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துத்தான் அவருக்கு அட்மிஷன் பணம் கட்டினார். ஆமாம், அப்துல் கலாம்தான்.

அந்த வகுப்புகளைப் பற்றிக் கலாம் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஏரோடைனமிக்ஸ் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஸ்பாண்டர் ஓர் ஆஸ்திரியர். நாஜிகளின் வதைமுகாமில் அடைபட்டிருந்தவர். ஜெர்மானியர் என்றாலே அவருக்கு ஆகாது. துறைத் தலைவர் ரெபந்தினோ ஜெர்மானியர். இன்னொரு பேராசிரியர் டாங்க், நாஜிப் படைக்கே விமானம் செய்து கொடுத்தவர். இவர்கள் எல்லோரும் ஒரே துறை! ஸ்டாஃப் ரூமில் என்ன பேசிக்கொண்டிருப்பார்களோ.

டாங்க் குரோம்பேட்டையில் அதிக காலம் இருக்கவில்லை. 1956-ல் பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனம் அவரை அழைத்துக்கொண்டது. அவர் முன் வைக்கப்பட்ட வேலை, இந்தியாவின் முதல் ஜெட் போர் விமானத்தை வடிவமைப்பது. ஒலியைப் போல இரு மடங்கு வேகம் என்பது இலக்கு. முதலில் எஞ்சின் இல்லாமல் மரத்திலேயே முழு அளவில் ஒரு கிளைடர் செய்தார்கள். 1959-ல் டக்கோட்டா விமானம் அதைக் கயிறு கட்டி வானத்துக்கு இழுத்துப் போய் விட்டது. அசல் விமானம் 1961 ஜூன் 17-ல் பறந்தது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். விமானத்தின் பெயர் 'மாருத்'. காற்று என்று அர்த்தம்.

பெயரில் காற்று இருந்தும் மாருத்துக்கு மூச்சு போதவில்லை. டாங்க் நம்பியிருந்தது பிரிட்டனின் ஆர்ஃபியஸ்-12 எஞ்சினை. ஆஃப்டர் பர்னர் வைத்தது அது. அதாவது, எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான காற்றில் மறுபடியும் எரிபொருளைத் தெளித்து எரித்துக் கூடுதல் தள்ளுவிசை எடுப்பது. அதன் திறன் 8,170 பவுண்டு. ஆனால், அதை வாங்குவதாக இருந்தவர்கள் பின்வாங்கிவிட்டதால் பிரிட்டன் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. வேண்டுமானால் மேம்பாட்டுச் செலவை இந்தியா ஏற்கட்டும் என்றார்கள். டெல்லி மறுத்துவிட்டது. கடைசியில் கிடைத்தது 4,850 பவுண்டு தள்ளும் ஆர்ஃபியஸ்-703. விமானத்துக்கு இரண்டு எஞ்சின்தான் என்றாலும், புல்லட் பாடியில் மொபெட் எஞ்சின் வைத்த கதைதான். ஒலியின் வேகத்தை எட்டுவதே பாடாகிப்போனது.

அன்றைக்கு நாட்டின் கையில் காசு குறைவு என்பது உண்மை. ஆனால், அந்த ஒரு 'வேண்டாம்' பிறகு எத்தனை பேரை அலைய வைத்தது என்று பாருங்கள். எகிப்தில் ஃபெர்டினான்ட் பிரான்ட்னர் என்ற ஆஸ்திரியர் இ-300 என்ற எஞ்சினைச் செய்துகொண்டிருந்தார். மாருத்துக்கு அது ஆகுமா என்று இந்தியாவும் கைகோத்தது. எகிப்தின் எச்.ஏ.-300 ஜெட்டை 1964-ல் முதன்முதலில் ஓட்டியதே கபில் பார்கவா என்ற நம்மூர் பைலட்தான். ஒரு மாருத்தில் இ-300 எஞ்சினை மாட்டிப் பறக்கவும் விட்டார்கள். 1969-ல் எகிப்தும் கடையைக் கட்டியது.

பிறகு எச்.ஏ.எல். தானே ஆஃப்டர் பர்னர் பொருத்திப் பார்த்தது. 1970 ஜனவரி 10-ல் அப்படி ஒரு மாருத் விபத்துக்குள்ளானது. உள்ளே இருந்தவர் அதை முதன்முதலில் பறக்கவிட்ட அதே சுரஞ்சன் தாஸ். உயிர் பிழைக்கவில்லை.

மாருத் உதவாக்கரை என்று நினைத்துவிட வேண்டாம். 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தரைத்தாக்குதலுக்குப் போனது. தாழப் பறந்து தாக்கும் வேலையில் உறுதியான விமானம் என்று பெயர் எடுத்தது. வான் சண்டையில் ஒன்றுகூட வீழ்த்தப்படவில்லை. மொத்தம் 147 மாருத்கள் தயாராயின.

எஞ்சின் பிரச்னை அதோடு முடியவில்லை. 2001-ல் முதன்முதலாகப் பறந்த தேஜஸ் போர் விமானத்தில் இருப்பது அமெரிக்க ஜி.இ. எஃப்-404. அதற்காகவே இங்கே தொடங்கப்பட்ட 'காவேரி' எஞ்சின் இன்றுவரை தேஜஸில் ஏறவில்லை.

பெங்களூரில் எச்.ஏ.எல். பக்கம் போகிறவர்கள் சுரஞ்சன் தாஸ் ரோட்டைப் பார்த்திருப்பார்கள். அந்த விமானியின் பெயர்தான். டாங்க் 1960-களிலேயே ஜெர்மனிக்குத் திரும்பி, 1983-ல் மூனிச்சில் காலமானார். மூனிச்சுக்குப் பக்கத்தில் ஷ்லைஸ்ஹைம் என்ற இடத்தில் ஒரு விமான அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இந்தியாவிலிருந்து போன மாருத் ஒன்று நின்றுகொண்டிருக்கிறது.